கதவைத் திறந்தது யார்?

அந்த வரியைத் தட்டச்சு செய்தது நான்தான். அதனால் பழியில் பாதி எனக்கும் உண்டு.

"அழைப்புமணியை இரண்டாவது முறை அழுத்தினாள். உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. கதவைத் திறந்த ஆளைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த பெட்டி நழுவியது."

பன்னிரண்டாவது அத்தியாயம் அத்துடன் முடிந்தது. பத்திரிகைக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கக் கிளம்பினேன். போகிற வழியில் பக்கத்துத் தையல் கடைக்குள் எட்டிப் பார்த்து, "யாருங்க கதவைத் திறந்தது?" என்று கேட்டேன். கதையை எழுதியவள் தையல் மெஷினில் குனிந்திருந்தாள், நிமிரவே இல்லை. "அடுத்த வாரம் தெரியும்," என்றாள். ஏதோ பெரிய ரகசியத்தை மடியில் கட்டி வைத்திருக்கிற தோரணை. அவளுக்கே அது தெரியாது என்று அப்போது நான் கண்டேனா?

என் கடையில் தட்டச்சு, நகல் எடுப்பது, விண்ணப்பம் நிரப்புவது எல்லாம் உண்டு. அவர்கள் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அங்கே மூன்று பேர். துணி வெட்டுகிறவர் மாஸ்டர். அவர் மனைவிதான் கதை எழுதுகிறவள். தெருவே அவளைக் கதைக்கா என்று கூப்பிடும். மூன்றாவது ஆள் மாஸ்டரின் தங்கை. வீட்டில் அவள் பெயர் சின்னவள். நாற்பதை நெருங்கினாலும் அவள் சின்னவள்தான். கடைக்குப் பின்னால் அடுப்படியும் ஒரு அறையும், மாடியில் ஓர் அறை. குடும்பம் மொத்தமும் அதற்குள்தான்.

கதைக்கா எழுதுகிற விதம் ஊரில் இல்லாத விதம். மாஸ்டர் அளவு வெட்டி மிச்சம் போட்ட பழுப்புக் காகிதத்தில்தான் எழுதுவாள். காலர் தைப்பாள், நூலைக் கத்தரிப்பாள், நாலு வரி எழுதுவாள், அடுத்த காலரை எடுப்பாள். ஒரு பக்கம் சட்டைக் கை வடிவத்தில் இருக்கும், இன்னொரு பக்கம் முக்கோணமாக இருக்கும். எல்லாவற்றையும் குண்டூசியால் குத்தி என்னிடம் கொண்டுவந்து வைப்பாள். பன்னிரண்டு வாரத்தில் என் விரலில் எத்தனை குத்து வாங்கியிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். ஒருமுறை மாஸ்டர் அவசரத்தில், எழுதியிருந்த காகிதத்தையே வைத்துச் சட்டை அளவு வெட்டிவிட்டார். கதாநாயகி மாமியாரிடம் பேசிய பாதி வசனம் யாரோ ஒருவருடைய கழுத்து வளைவோடு போய்விட்டது. அப்போதுகூட அவள் பதறவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொரு வசனம் எழுதிக் கொடுத்தாள். முந்தையதைவிட அது நன்றாகவே இருந்தது.

தொடர்கதை பேர் வாங்க ஆரம்பித்ததும் மாஸ்டருக்கு ஒரு யோசனை வந்தது. மாஸ்டர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் செய்கிற உதவியைத் தடுப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம். மாடி அறையில் கிடந்த துணி மூட்டைகளை இறக்கி, சுவருக்கு வெளிர்நீலம் அடித்து, மேஜையும் கை வைத்த நாற்காலியும் வாங்கிப் போட்டார். ஒரு கட்டு வெள்ளைத்தாள். பேனா நிறுத்துகிற கிண்ணம். "இனிமே நீ மெஷினைத் தொடக் கூடாது. எழுத்தாளர் எழுதணும்," என்று சொல்லி, அவள் உட்கார்ந்த மெஷினைச் சின்னவள் பக்கம் தள்ளிவிட்டார். மாடிப்படிக்குக் கீழே, சத்தம் போடாதீர்கள் என்று ஓர் அட்டையும் தொங்கியது. அதையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். அதைத்தான் சொன்னேன், பழியில் பாதி என்று.

அந்த அறைக்கு அவள் போன நாளிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை.

முதல் வாரம் பத்திரிகையில், தவிர்க்க முடியாத காரணங்களால் இந்த வாரம் தொடர் வெளியாகவில்லை என்று போட்டார்கள். இரண்டாவது வாரமும் அதையே போட்டார்கள். இதற்குள் அளவு கொடுக்க வருகிறவர், பட்டன் வாங்க வருகிறவர், தபால்காரர் எல்லோருக்கும் ஒரே கேள்வி. கதவைத் திறந்தது யார்? கேட்டுவிட்டு அவர்களே பதிலும் சொன்னார்கள். தபால்காரருக்கு அது அவளுடைய அம்மாதான் என்பதில் சந்தேகமே இல்லை. பால் ஊற்றுகிற பெண், "படிக்கிற காலத்துல பழகினவன்தான், வேற யாரு?" என்று கண்ணடித்தாள். எனக்கும் ஒரு கருத்து இருந்தது. அதை இங்கே சொல்லி மானத்தை வாங்கிக்கொள்ள மாட்டேன்.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலையில் பத்திரிகை ஆசிரியர் எனக்கே போன் பண்ணினார். கதைக்கா போனை எடுப்பதை நிறுத்தி ஐந்து நாளாகியிருந்தது.

"அவங்ககிட்ட நேர்ல சொல்லிடுங்கம்மா. வியாழக்கிழமை நாலு மணி. அதுக்குள்ள வரலேன்னா நாங்களே முடிச்சிடுவோம். எங்க உதவி ஆசிரியர் ஒரு முடிவு யோசிச்சு வெச்சிருக்கார்."

"என்ன முடிவு சார்?"

"எல்லாம் கனவு. அந்தப் பொண்ணு கண்ணு முழிச்சுப் பாக்குறா, புருஷன் வீட்டுக் கட்டில்லயே இருக்கா. சுபம்."

பன்னிரண்டு வாரம் அந்தப் பெண்ணோடு நானும்தானே நடந்தேன்? அடி வாங்கி, வார்த்தை வாங்கி, துணிந்து பெட்டியை எடுத்தவளை, நாலே வரியில் மறுபடி அதே கட்டிலில் கொண்டுபோய்ப் படுக்கவைப்பதா?

மாடிக்குப் போனேன். மூன்று நாளாக வானம் மூடிக்கொண்டு மழையும் வராமல் காற்றும் வராமல் புழுங்கிக்கொண்டிருந்தது. கதைக்கா நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தாள். கூடை நிறையக் கசக்கிய தாள். ஒன்றை எடுத்துப் பிரித்தேன். 'கதவைத் திறந்தது ஒரு போலீஸ்காரர்.'

"போலீஸ் எதுக்குங்க வந்தாரு?"

"மாஸ்டரைக் கேளுங்க. அவர் கொடுத்த ஐடியா." நடையை நிறுத்தவில்லை. "காலையில நடந்தா எழுத்து வரும்னாங்க. நடந்தேன். கால்தான் வலிக்குது. மனசுல வர்றதையெல்லாம் மூணு பக்கம் எழுதுனா அடைப்பு விட்டுரும்னு ஒரு புத்தகத்துல போட்டிருந்துச்சு. எழுதினேன். மூணு பக்கமும் வெள்ளை நூல் தீந்துபோச்சு, நாலு துளைப் பட்டன் வாங்கணும், இதுதான் வந்துச்சு. ஃபேனைத் துடைச்சேன். ஜன்னல் கம்பி எத்தனைனு கேளுங்க, சொல்றேன். பதினேழு."

"ஆசிரியர் பேசினாரு."

சொன்னேன். கனவு என்ற வார்த்தையைக் கேட்டதும் நின்றுவிட்டாள். முகம் வெளிறிப்போனது.

"அவ கிளம்பினது கனவா? அதைச் சொல்ல இவங்க யாரு?"

"அப்ப நீங்க எழுதுங்க."

"அந்தக் கதவு வரைக்கும் வந்துட்டேங்க. அதுக்கு அந்தப் பக்கம் யாரை நிறுத்தினாலும் பொய்யா நிக்குது. எனக்கு ஒண்ணுமே தெரியாம எப்படி அந்த வரியை எழுதினேன்? கை தானா எழுதிருச்சு. மெஷின் ஓடிட்டு இருந்துச்சு, எழுதிட்டேன்."

அவள் கண் கலங்கியதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் படியிறங்கினேன். கீழே சின்னவள் இரண்டு மெஷினுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, இந்தப் பக்கம் ஒரு தையல், அந்தப் பக்கம் ஒரு தையல் என்று திரும்பித் திரும்பித் தைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "எழுத்தாளர் என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள். குரலில் இருந்தது கேலியா எரிச்சலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்கு ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டு வாத்தியார் பெரிய மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தார். சீருடைச் சட்டைகள், நாற்பது. மூட்டையை வெட்டு மேஜையில் இறக்கிவிட்டுச் சொன்னார்: "மாஸ்டர், எங்க பசங்க கையைத் தூக்க முடியல. தூக்குனா சட்டையே மேல ஏறிக் கழுத்தை நெரிக்குது. வெள்ளிக்கிழமை விழா. நாப்பது பேரும் கையைத் தூக்கித்தான் உடற்பயிற்சி பண்ணப்போறாங்க."

அவர் போனதும் மாஸ்டர் ஒரு சட்டையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். மூன்றாவதைப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கை மாறிப்போச்சு," என்றார். "இடக்கையை வலப்பக்கம் வெச்சிருக்கு, வலக்கையை இடப்பக்கம் வெச்சிருக்கு. அத்தனையும்."

சட்டைக் கை இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். முன்பக்கம் கொஞ்சம் ஆழமாகக் குடைந்திருக்கும், பின்பக்கம் குறைவாக. தைக்கிற வேகத்தில் தெரியாது. அதற்காகத்தான் வெட்டியவுடன் முன்பக்கத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டு, ஜோடி ஜோடியாகக் கட்டி வைப்பது. அந்தக் கடையில் பதினைந்து வருஷமாக அந்தக் கோட்டைப் போட்டு வந்தவள் கதைக்கா.

"குறி பாத்துத் தைக்க மாட்டியா?" மாஸ்டர் தங்கையிடம் குரலை உயர்த்தினார்.

"குறி எங்கண்ணே இருந்துச்சு? போட்டாத்தானே பாக்க?"

"கேக்க வேண்டியதுதானே?"

"யாரைக் கேக்க? சத்தம் போடாதீர்கள்னு அட்டை தொங்குது. இங்க ரெண்டு மெஷினுக்கும் ஒரே ஆளு. நானும் மனுஷிதானே?"

மாடிப்படியில் சத்தம் கேட்டது. கதைக்கா பாதிப் படியில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். இறங்கி வந்தாள், இழுப்பறையைத் திறந்து பிளேடு எடுத்தாள், தரையில் உட்கார்ந்து ஒரு சட்டையை மடியில் போட்டுக்கொண்டாள். நறுக், நறுக் என்று தையல் விட ஆரம்பித்தது. சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூட்டையைப் பார்த்து வாசலுக்கு வந்து நின்ற என்னையும் மாஸ்டர் கூப்பிட்டார். "கண்ணு நல்லாத் தெரியுமில்ல? வாங்க, கையைக் குடுங்க."

எண்பது கைகளைப் பிரிக்க வேண்டும். துணி கிழியக் கூடாது, நூல் மட்டும்தான் அறுபட வேண்டும். ஃபேன் காற்றுக்கு நூல் பிசிறு பறந்து எல்லோர் தலையிலும் ஒட்டிக்கொண்டது. மாஸ்டர் டீயும் ரொட்டியும் வாங்கிவந்து வைத்தார். ரொட்டியிலும் நூல்.

பதினொன்றரை மணிக்கு ஒரு அம்மா தைக்கக் கொடுத்ததை வாங்க வந்தார். கதைக்காவைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்களே இருக்கீங்களா! சும்மா எனக்கு மட்டும் சொல்லுங்க. கதவைத் திறந்தது யாரு?"

கதைக்கா தலையைக் குனிந்துகொண்டாள். பதில் சொன்னது சின்னவள்.

"எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டார். நாங்கள் சிரிக்கவில்லை. சின்னவள் விளையாட்டாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

"உனக்கு என்ன தெரியும்?" என்றாள் கதைக்கா மெதுவாக.

"பன்னெண்டாவது வாரம் படிச்சதுமே தெரிஞ்சிருச்சு அண்ணி. எழுதுறீங்களா, இல்ல சுத்தி வளைச்சு வேற யாரையாவது கொண்டுவந்து நிறுத்துறீங்களானு பாத்துக்கிட்டே இருந்தேன்." பிளேடு நிற்கவில்லை. "உங்க கதையில எல்லாரும் இருக்காங்க. தபால்காரர் இருக்காரு. டைப்பிங் அக்கா கூட இருக்காங்க, அந்த வாயாடி எதிர்வீட்டுக்காரி அவங்கதான்."

எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வாரமாக என்னை நானே அடித்திருக்கிறேன், தெரியவில்லை.

"நான் மட்டும் இல்லையேனு பாத்தேன். அப்புறம் அந்தப் பொண்ணு பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பினா. ஓ, நானும் வந்தாச்சுனு நினைச்சேன்."

"சின்னவளே..."

"கதவைத் திறந்தது நீங்கதான் அண்ணி."

மாஸ்டரின் கத்தரி நின்றது. வெளியே எங்கோ தூரத்தில் இடி உருண்டது.

"அப்ப நீங்க கல்யாணம் ஆகி வந்து நாலு வருஷம். அண்ணன் துணி எடுக்க வெளியூர் போயிருந்தாரு. நான் புருஷன் வீட்டைவிட்டு வந்து மணி அடிச்சேன். நீங்க திறந்தீங்க. என் முகத்தையும் பாத்தீங்க, பெட்டியையும் பாத்தீங்க. வான்னு சொல்லல. என்ன ஆச்சுனு கேக்கல. 'எத்தனை நாளைக்கு?'னு கேட்டீங்க."

"என்ன கேட்டா?" என்றார் மாஸ்டர். பதினோரு வருஷமாக அவருக்கு இது தெரியாது.

கதைக்கா பிளேடைக் கீழே வைத்தாள். எதையும் மறுக்கவில்லை. "பயந்துட்டேன்," என்றாள். "இருக்கறது ஒண்ணரை ரூம். மாடி அப்ப ஏது? இவ வந்து உக்காந்துட்டா நம்ம பாடு என்னனு பயந்துட்டேன். வாயில வந்துருச்சு. அன்னைக்கிலேர்ந்து ஒருநாள் விடாம ஞாபகம் வருது. உனக்கு மறந்திருக்கும்னு நினைச்சேன்."

"பக்கத்து மெஷின்ல பதினோரு வருஷமா உக்காந்துக்கிட்டு எப்படி அண்ணி மறக்கும்?"

"நான் எழுதுனா நீ படிப்பே."

"படிக்கத்தான் போறேன்."

"ஊரே படிக்கும்."

"படிக்கட்டும். நீங்க எழுதலேன்னா என்ன வரும்? எல்லாம் கனவுனு வரும். டைப்பிங் அக்கா சொன்னாங்க. நான் கிளம்பினதும் கனவு, இங்க வந்ததும் கனவு, இத்தனை வருஷம் தைச்சதும் கனவு. அதுக்கு நீங்க என்னைத் திட்டியே எழுதலாம்."

அவ்வளவு நீளமாக சின்னவள் பேசி நான் கேட்டதே இல்லை. பேசி முடித்ததும் அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாள். நான் வாயை மூடிக்கொண்டு நூலை அறுத்தேன். வாயாடி என்று பெயர் வாங்கிய பிறகு வேறு என்ன செய்வது?

கதைக்கா உடனே மாடிக்கு ஓடுவாள் என்று நான் நினைத்தேன். ஓடவில்லை. சாக்கட்டியை எடுத்தாள். பிரித்துப் போட்ட கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, முன்பக்கம் எது என்று தடவிப் பார்த்து, ஒரு கோடு போட்டு, ஜோடி சேர்த்துக் கட்ட ஆரம்பித்தாள். இருபது ஜோடி கட்டியிருப்பாள். அப்புறம் எழுந்து, வெட்டு மேஜையின் ஓரத்தில் கிடந்த பழுப்புக் காகிதத்தைக் கிழித்து, நின்றுகொண்டே எழுதினாள். மாஸ்டர் தன் கத்தரியையும் அளவுக்கோலையும் சத்தமில்லாமல் நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார். நாலு வரி எழுதினாள், வந்து பத்துக் கைக்குக் குறி போட்டாள், மறுபடி போனாள். மழை அப்போதுதான் பிடித்தது. பேரிரைச்சல். சத்தம் போடாதீர்கள் அட்டை காற்றில் பிய்ந்து படியில் விழுந்தது. யாரும் எடுத்து மாட்டவில்லை.

வியாழக்கிழமை மூன்று மணியாகியும் என் கடைக்கு ஒன்றும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு மெஷினும் ஒன்றாக ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆசிரியர் இரண்டு முறை கூப்பிட்டார். "வந்துக்கிட்டே இருக்கு சார்," என்று பொய் சொன்னேன். மூன்று இருபத்தைந்துக்கு ஒரு மெஷின் நின்றது. சின்னவள் வந்தாள். கையில் ஒன்பது பழுப்புக் காகிதங்கள், குண்டூசியோடு.

"அண்ணி குடுத்தாங்க. நானே எடுத்துட்டுப் போகணுமாம்."

"படிச்சியா?"

"இல்ல. நீங்க அடிங்க, நான் நின்னு பாக்குறேன்."

அவள் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அடிக்க ஆரம்பித்தேன். கதவைத் திறந்தவள் கல்யாணம் ஆகி நாலு வருஷமானவள். கையில் மாவு. அவள் பயம், அவள் ஒண்ணரை அறை, அவளுடைய கணக்கு. தன்னைப் பற்றி ஒரு மனுஷி இவ்வளவு ஈவிரக்கம் இல்லாமல் எழுத முடியுமா? முதல் காகிதத்தின் கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. 'எத்தனை நாளைக்கு?' அதை அடித்துவிட்டு அடுத்த காகிதத்தைப் புரட்டினேன். மேலே நாலு விரற்கடை வெறுமையாக இருந்தது. ஓரத்தில் சாக்கட்டியால் சின்னதாக எழுதியிருந்தாள்: 'அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்கு நினைவில்லை. கேட்டு அடிக்கவும்.'

திரும்பிப் பார்த்தேன். சின்னவள் அதைப் படித்துவிட்டிருந்தாள். மணி மூன்று நாற்பது.

"என்ன சொன்னே?"

அவள் வாசலைப் பார்த்தாள். தெருவில் மழைத் தண்ணீர் இன்னும் வடியவில்லை.

"ரெண்டு நாள்னு சொன்னேன். 'ரெண்டே ரெண்டு நாள் அண்ணி.'"

அடித்தேன்.

"அக்கா, இன்னொண்ணு. போன தடவை பெட்டி நழுவுச்சுனு எழுதியிருந்தாங்கள்ல? பெட்டி நழுவல. எத்தனை நாளைக்குனு கேட்டுக்கிட்டே அவங்கதான் என் கையிலேர்ந்து வாங்கி உள்ள வெச்சாங்க. அவ்வளவு கனம், ரெண்டு கையாலயும் தூக்கினாங்க. அது அவங்களுக்கு ஞாபகம் இருக்காது. கேட்டதுதான் ஞாபகம் இருக்கும்."

"நழுவியதுன்னு அச்சுல வந்துருச்சேம்மா. அதைப் பிரிக்க முடியாதே."

சின்னவள் யோசித்தாள். துணியில் ஏதாவது தவறு வந்தால் யோசிக்கிற அதே முகம்.

"ஒட்டுப் போட்டுக்கலாம். கீழ விழறதுக்குள்ள பிடிச்சிட்டாங்கன்னு போடுங்க."

போட்டேன். 'பெட்டி தரையில் விழுவதற்குள், கதவைத் திறந்தவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.' மற்ற காகிதங்களையும் விறுவிறுவென்று அடித்து முடித்தபோது மணி மூன்று ஐம்பத்தாறு. அனுப்புகிற பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுரலாமா? அவங்க எழுதாத வரியாச்சே."

"வேண்டாம்," என்றாள். "பத்திரிகை வரும்போது படிச்சுக்கட்டும். நானும் அப்படித்தானே படிக்கிறேன்?"

சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டு, இன்னும் பதினாலு கை பாக்கி இருக்கிறது என்று கிளம்பிப் போனாள். நான் அனுப்பினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டாவது மெஷினும் ஓட ஆரம்பித்தது.